பதினெட்டாம் பக்கம்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வேனின் பின்கதவு இரண்டு முறை சாத்தியும் மூடவில்லை. அப்பா தோளால் ஓர் இடி இடித்தார். மூடிக்கொண்டது.

“ஏறும்மா,” என்றார்.

பெரியவள் ஏறினாள். அவளுக்குப் பத்து வயது. பக்கத்தில், பட்டை போட்ட சின்ன நாற்காலியில், தம்பி. அவன் பிறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையில் அப்பாவின் பழைய அளவு நாடா. நாடா இல்லாமல் அவன் எங்கும் கிளம்புவதில்லை.

அப்பா ஏசி மெக்கானிக். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு ஏசி மாட்டியது அவர்தான். அவர் வேனில் மட்டும் ஏசி கிடையாது. யாராவது கேட்டால், “டாக்டர் தனக்குத் தானே தினம் ஊசியா போட்டுக்கிறார்?” என்பார்.

கோடையில்தான் அவருக்கு வேலை அதிகம். ஆனாலும் கடைக்கதவில் ஓர் அட்டை தொங்கியது. ‘இரண்டு நாள் விடுமுறை. போன் செய்ய வேண்டாம். அம்மா வருகிறார்.’ கடைசி இரண்டு சொற்களைச் சேர்த்தது பெரியவள். அப்பா பார்த்தார். அழிக்கவில்லை.

அம்மா ஏழு மாதமாக மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நுரையீரலில் நோய். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். முதல் வாரம் போனில் முகம் பார்த்துப் பேசினாள். தம்பி போனை இரண்டு கையாலும் அறைந்து, எடுத்துக்கொள்ளச் சொல்லி, தூங்கும்வரை அழுதான். அதற்குப் பிறகு அம்மா குரலில் மட்டும் பேசினாள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம். அதற்குமேல் பேசினால் இருமல் வரும்.

கிளம்பும் நாளில் அம்மா பெரியவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவன் என்னென்ன புதுசா செய்யறான்னு ஒண்ணு விடாம எழுதி வை. நான் வந்து படிப்பேன். இல்லாததை எழுதக் கூடாது. இருக்கிறதை மறைக்கவும் கூடாது.”

எழுத அவளுக்குக் கிடைத்தது அப்பாவின் சர்வீஸ் புத்தகம். ஏசி பழுது பார்க்கப் போகும் வீடுகளில் அப்பா எழுதித் தரும் புத்தகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கரித்தாள் வைத்து எழுத வேண்டும். மேலே எழுதியது கீழேயும் விழும். எழுதியதை அழித்தால் கீழ்த்தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கம் ஒன்று. குறை: பல் இல்லை. செய்த வேலை: கீழே ஒன்று வந்தது. வாடிக்கையாளர் கையெழுத்து: காலி.

பக்கம் ஒன்பது. குறை: பிடிக்காமல் நிற்பதில்லை. செய்த வேலை: நின்றான். தும்மினான். விழுந்தான்.

பக்கம் பதினாறு. கோடை விடுமுறையின் ஆறாம் நாள். குறை: நடப்பதில்லை. செய்த வேலை: நான்கு அடி. ஐந்தாவது அடி பக்கெட்டுக்குள்.

பக்கம் பதினேழு வரை நிறைந்திருந்தது. கையெழுத்துகள் எல்லாம் காலி. அவை அம்மா வந்து போட வேண்டியவை.

பதினெட்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. குறை: பேசவில்லை.

அந்தப் பக்கத்தை அவள் மூன்று வாரமாக அப்படியே வைத்திருந்தாள். ஏனென்றால் தம்பி பேசிவிட்டான்.

அது ஒரு சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு இருபது. பிள்ளைகள் காப்பகத்துக்கும் விடுமுறை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். கடைக்குள் அவளும் தம்பியும் மட்டும். அவள் கை கழுவத் திரும்பினாள். பின்னாலிருந்து, வாய் நிறைய, தெளிவாக, “ம்மா” என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கை தூக்கினான். தன்னை எடுத்துக்கொள்ள வேண்டியது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் போனில் அம்மா கேட்டாள். “பேசினானா?”

“இன்னும் இல்ல,” என்றாள் பெரியவள்.

அம்மாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. மூன்று ஞாயிறு சொன்னாள். இன்று ஞாயிறு இல்லை. இன்று மாலை அம்மாவே எதிரில் நிற்பாள்.

*

பெட்ரோல் பங்கில் அப்பா இறங்கினார். “அந்தத் தண்ணி பாட்டிலை எடும்மா.”

பாட்டிலை நீட்டிய கை பாதியில் நின்றது.

“அப்பா, இப்ப என்ன சொன்னீங்க?”

“தண்ணி பாட்டில்.”

“அதுக்கப்புறம்?”

“எடுன்னேன்.”

“எடும்மான்னீங்க.”

“ஆமா. அதுக்கென்னம்மா?”

வாம்மா. போம்மா. பாலை ஆத்தும்மா. அவனைப் பாத்துக்கோம்மா. காலையிலிருந்து இரவு வரை வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தப் பெயர். தம்பி தப்பாகச் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னான்.

விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த பிறகும் பாட்டிலை இறக்கவில்லை.

“முன்னாடி உன்னை அப்படியா கூப்பிட்டேன்?”

“இல்ல. பாப்பான்னு கூப்பிட்டீங்க. அவன் பொறந்ததும் அந்தப் பேரை அவனுக்குக் குடுத்துட்டீங்க. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதும் எனக்கு இந்தப் பேரைக் குடுத்துட்டீங்க. ரெண்டுக்கும் என்கிட்ட கேக்கலை.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“வாய் பழகிடுச்சு,” என்றார். “யாரையாவது அப்படிக் கூப்பிடாம வீடு வீடா இல்லை.”

மீட்டரில் எண்கள் ஓடின.

“அவன் அம்மா முன்னாடியே என்னை அப்படிக் கூப்பிட்டா, அம்மா என்ன செய்வாங்க?” என்றாள்.

“சாயங்காலம்தானே பாக்கப்போறோம்? அதுக்குள்ள மாத்திடலாம்.”

“எப்படி?”

“இனிமே உன்னை அக்கான்னு கூப்பிடறேன். அவனும் கத்துப்பான். சரியாம்மா?”

அப்பா ஏறி உட்கார்ந்ததும், அவர் இருக்கையின் முதுகில் அவள் ஒரு தட்டு தட்டினாள்.

“சரிங்கக்கா,” என்றார் அப்பா.

*

தப்பு செய்யும்போதெல்லாம் ஒரு தட்டு. அதுதான் ஏற்பாடு. பத்து மணிக்குள் பதினான்கு தட்டு விழுந்தது. அப்பா ஒருமுறை நாக்கைக் கடித்துக்கொண்டு, “கண்ணாடியை ஏத்துங்க மேடம்,” என்றார். தம்பி கைதட்டினான்.

ஆனால் தட்ட முடியாத ஆட்களும் இருந்தார்கள். பங்கில் பெட்ரோல் போட்டவர், “கையை உள்ள வைம்மா,” என்றிருந்தார். டீக்கடைக்காரர், “சூடா இருக்கும்மா, பாத்து,” என்றார். வெள்ளரிக்காய் விற்றவர், “உப்பு போடவாம்மா?” என்றார்.

வழி நெடுக அவள் எல்லாருக்கும் அம்மா.

“ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது,” என்றார் அப்பா. “அவனுக்குச் சொல்லிக்குடு. அதான் வழி.”

அவள் பிஸ்கட்டை உயர்த்திப் பிடித்தாள். “அக்கா சொல்லு. அக்கா.”

தம்பி பிஸ்கட்டைப் பார்த்தான். “ம்மா.”

“அக்கா.”

“ம்மா.”

“க்கா!”

“கா,” என்றான் தம்பி. அவள் பிஸ்கட்டைக் கொடுக்கப் போனாள். அவன் சன்னலைக் காட்டினான். கம்பியில் ஒரு காக்கை.

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

*

பதினொன்றரைக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒன்பது வண்டி. பக்கத்து வரிசையில் ஒரு லாரி. எல்லாரும் இன்ஜினை நிறுத்தினார்கள். வெயில் தகரத்தைத் துளைத்தது. அப்பா இறங்கி நிழல் தேடிப் போனார்.

அப்போதுதான் பெரியவள் முடிவு செய்தாள். அந்தச் சொல்லுக்கு இனி அவள் திரும்பப் போவதில்லை. திரும்பாவிட்டால் அவன் மறந்துவிடுவான்.

“ம்மா,” என்றான் தம்பி.

அவள் சன்னல் பக்கம் பார்த்தாள்.

“ம்மா.”

லாரியின் சக்கரத்தில் எத்தனை திருகு என்று எண்ணினாள். பத்து.

“ம்மா. ம்மா.”

அவன் பிஸ்கட்டைப் போட்டான். அளவு நாடாவைப் போட்டான். அவன் நாடாவைப் போட்டு அவள் பார்த்ததே இல்லை. பட்டைக்குள் முறுக்கிக்கொண்டு, முகம் சிவக்க, “ம்மா, ம்மா” என்று கத்தினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருகுகள் கலங்கித் தெரிந்தன. எட்டா, பத்தா?

லாரி டிரைவர் தலையை நீட்டினார். ஆள் வாட்டசாட்டம். மீசை இரண்டு கன்னத்தையும் தொட்டது.

“பிள்ளை தொண்டை கிழியக் கூப்பிடுது. காதுல விழலையாம்மா?”

அவள் பட்டையைக் கழற்றி அவனை எடுத்துக்கொண்டாள். அவன் அவள் கழுத்தில் மூக்கைத் துடைத்தான். விம்மினான். ஆனால் உடனே மன்னித்துவிட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“இனிமே செய்ய மாட்டேன்,” என்றாள் அவன் காதில். “கூப்பிடு. எப்படி வேணும்னாலும் கூப்பிடு.”

லாரியில் போன் அடித்தது. டிரைவர் எடுத்தார். வெளியே கேட்கும்படி வைத்தார்.

“அம்மா, கேட்ல நிக்கிறேன்மா.”

“சாப்பிட்டியாடா?” என்றது போனுக்குள் ஒரு கிழக்குரல்.

“சாப்பிட்டேன்மா.”

“பொய் சொல்லாதே. குரலே சரியில்லை.”

“இல்லம்மா, நிஜமாம்மா.” அவ்வளவு பெரிய ஆள் பள்ளிக்கூடப் பையன்போல நெளிந்தார்.

தம்பி விம்முவதை நிறுத்தினான். டிரைவரின் வாயைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி வாயைப் பார்த்தான். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயை விரலால் தொட்டான்.

“ம்மா?” என்றான். இந்த முறை கூப்பிடவில்லை. கேட்டான்.

அவள் லாரியிலிருந்த போனைத் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி எல்லாவற்றையும் அவள் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். ஊதுவது, முத்தம் கொடுப்பது, நாக்கை நீட்டுவது. ஆனால் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து, ஓர் ஆள் திரும்பிப் பார்த்ததை, அவன் ஏழு மாதமாகப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அவன் அழக் கூடாது என்று.

ரயில் போனது. கேட் மேலே ஏறியது. அப்பா ஓடி வந்து ஏறினார்.

“என்னம்மா, அழுதியா?” என்றார். பிறகு, “ஐயோ, அக்கா,” என்றார்.

“பரவாயில்லப்பா,” என்றாள் பெரியவள். அவள் தட்டவில்லை. “வாய்க்கு வர்றதைக் கூப்பிடுங்க. குறை அதுல இல்ல.”

*

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி வாசல். காற்று குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு.

அம்மா நடந்து வந்தாள். பையை ஒரு நர்ஸ் தூக்கி வந்தார். அம்மாவின் கைக்கடிகாரம் முழங்கை வரை இறங்கி ஏறியது. பெரியவள் ஓட நினைத்தாள். இடுப்பில் தம்பி இருந்தான், கையில் நாடாவும் புது பிஸ்கட்டும்.

கோட்டைத் தாண்டியதும் அம்மா நின்றாள். மூச்சு வாங்கினாள்.

“இனி யாரை வேணும்னாலும் தூக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்,” என்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். “வாடா என் தங்கம்.”

தம்பி அவளைப் பார்த்தான். கைகளைப் பார்த்தான். திரும்பி, பெரியவளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“ம்மா,” என்றான்.

அம்மாவின் கைகள் அப்படியே நின்றன.

“உன்னைத்தான் சொல்றான்,” என்றார் அப்பா அவசரமாக. “பேச ஆரம்பிச்சுட்டான் பாரு. உன்னைத்தான்.”

அம்மா பெரியவளைப் பார்த்தாள். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். நர்ஸ்கூட அதைத்தான் எதிர்பார்த்தார்.

“இல்லம்மா,” என்றாள் பெரியவள். “என்னைத்தான் சொல்றான்.”

அப்பா தலை குனிந்தார்.

“மூணு வாரமா சொல்றான். நான் உன்கிட்ட இன்னும் இல்லன்னு பொய் சொன்னேன். அப்பா என்னை வாம்மா போம்மான்னு கூப்பிடறாரு. இவன் அதைக் கேட்டுட்டு என் பேரே அதுதான்னு நினைச்சுட்டான்.”

அம்மா கைகளை மெல்ல இறக்கினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுதால் இருமல் வரும்.

பெரியவள் தம்பியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோள் தொடும்படி உட்கார்ந்தாள். தம்பியை மடியில் தன்னைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்தாள். அவனுக்கு அவள் வாய் நன்றாகத் தெரிய வேண்டும்.

“அம்மா,” என்றாள்.

“ம்?”

“சும்மாதான். அம்மா.”

“என்ன பாப்பா?”

‘பாப்பா’ என்றதும் இரண்டு பேரும் திரும்பினார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பெயர் தம்பியுடையது. தன்னை யார் கூப்பிட்டது என்று தேடினான்.

“அவளைச் சொன்னேன்டா,” என்றாள் அம்மா. “உனக்கு முன்னாடி அவதான் பாப்பா.”

“அம்மா, குளிருதா?”

“இல்லை.”

“அம்மா, உன் செருப்பு புதுசா?”

“நர்ஸ் குடுத்தாங்க. இது என்ன கேள்வி?”

“நீ பதில் மட்டும் சொல்லும்மா. அம்மா, வேன்ல ஏசி இல்ல, தெரியுமா?”

“என்னைக்குடி இருந்துச்சு?” என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. ஆனால் அது சிரிப்புதான்.

தம்பி பெரியவளின் வாயைப் பார்த்தான். அம்மாவின் வாயைப் பார்த்தான். கேட் அருகே டிரைவரைப் பார்த்தது போலவே பார்த்தான். அங்கே போனுக்குள் குரல் மட்டும்தான். இங்கே ஆள் இருந்தது. கூப்பிட்டால் திரும்பியது.

அம்மா கையை நீட்டவில்லை. காத்திருந்தாள்.

அவன் வெகுநேரம் யோசித்தான். பிறகு வாயிலிருந்த பிஸ்கட்டை எடுத்தான். பாதி கரைந்து, எச்சில் வழிந்தது. அதை நீட்டினான். அம்மா குனிந்து வாயில் வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் மென்றாள்.

“ம்மா,” என்றான் தம்பி.

யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது போன பிஸ்கட்டை.

“என்ன?” என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

தம்பிக்கு அது பிடித்துவிட்டது. “ம்மா!” என்றான் மறுபடி. அளவு நாடாவை அம்மாவின் மடியில் போட்டான். அதை எடுக்க அவனே அந்த மடிக்குத் தவழ்ந்து போனான். போனவன் அங்கேயே உட்கார்ந்து நாடாவை இழுக்க ஆரம்பித்தான். அம்மாவின் விரல்கள் அவன் முதுகைத் தொட்டன. முதலில் ஒரு விரல். பிறகு எல்லாம்.

நர்ஸ் பையை வைத்துவிட்டு உள்ளே போனார். அப்பா வேனின் பின்கதவைத் திறக்கப் போனார். அது ஒரே இழுப்பில் திறக்கக்கூடியதுதான். ஆனாலும் அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

பெரியவள் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பக்கெட்டுக்குள் விழுந்த இடத்தை இரண்டு முறை படித்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள். வாடிக்கையாளர் கையெழுத்து, பதினேழு முறை.

பதினெட்டாம் பக்கம் வந்தது. குறை: பேசவில்லை. கீழே காலி.

“பேனாவைக் குடு,” என்றாள் பெரியவள்.

கரித்தாளைச் சரியாக வைத்தாள். அழுத்தி எழுதினாள். கீழ்த்தாளிலும் விழ வேண்டும். தேதி, மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. நேரம், மதியம் 12.20. செய்த வேலை: ‘அம்மா’ என்றான். என்னைப் பார்த்துச் சொன்னான்.

புத்தகத்தை அம்மாவிடம் திருப்பினாள்.

அம்மா படித்தாள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனா நின்றது. தம்பி மடியில் இருந்தபடி நாடாவின் ஒரு முனையை அவள் விரலில் சுற்றினான். மறுமுனையைப் பெரியவளிடம் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

அம்மா பேனாவை நடுவில் நீட்டினாள்.

“இதுல கையெழுத்து யார் போடணும் பாப்பா, நீயா நானா?”